ஏரா என்னும் அடிமரம்



சென்ற உரையிலே பழந்தமிழ்ப் பாடல்களில் வரும் கலங்களின் பெயர்களைப் பார்த்தோம். நாவாய், வங்கம், அம்பி, ஓடம், திமில், பஃறி, தோணி என்று அந்தப் பட்டியல் நீண்டது. கலங்களுக்கு இத்தனை பெயர் வைத்தவர்கள் கலத்தின் உறுப்புகளுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்ற கேள்வியோடு உரையை முடித்தேன். அதற்கான விடையை அகராதியிலே தேடுவதாக இருந்தேன். ஆனால் அது முதலில் என் வகுப்பறைக்கே வந்துவிட்டது. அந்தக் கதையிலிருந்து தொடங்குகிறேன்.

கச்சான் காற்று வீசும் ஆடி மாதம். தரம் பத்திலே படிக்கும் ஒரு மாணவன் ஒரு கிழமையாகப் பாடசாலைக்கு வரவில்லை. விசாரித்தபோது, தகப்பனார் போன வள்ளம் இன்னும் திரும்பவில்லை என்றார்கள். திருகோணமலையிலே ஆசிரியராக இருப்பவனுக்கு இது புதிய செய்தியல்ல. ஆயினும் ஒவ்வொரு முறையும் அது புதிதாகவே நெஞ்சில் விழுகிறது. எட்டாம் நாள் பையன் வந்தான். "சேர், அப்பா வந்திட்டார்" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. அன்று மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

திண்ணையிலே சாய்ந்திருந்தவரின் உதடுகள் வெடித்திருந்தன. கரையிலிருந்து வெகுதூரத்தில் எஞ்சின் நின்றுவிட்டதாம். ஐந்து நாள் காற்று தள்ளிய திசையிலே போய், கடைசியில் ஒரு பலநாட் படகு கண்டு கயிறு போட்டு இழுத்து வந்ததாம். நான் கடல் தெரியாதவன். ஆகவே பேதைமையோடு ஒரு கேள்வி கேட்டேன். "ஒரு படங்கையாவது பாயாகக் கட்டிக் கரைப்பக்கம் வந்திருக்க முடியாதா?"

அவர் சிரித்தார். "கட்டிப் பாத்தனாங்கள் சேர். காத்துப் போற பக்கம் இன்னும் கெதியாப் போச்சு, அவ்வளவுதான். பாய் மேல இருந்தா மட்டும் போதாது. கீழ பிடிப்பு வேணும். எங்கட வள்ளத்துக்குக் கீழ என்ன கிடக்கு? தட்டு மாதிரித்தானே இருக்கு. எங்கட அப்பு ஓடின தோணியெண்டால் ஏரா இருக்கும்."

ஏரா! அந்தச் சொல்லை நான் அகராதியிலே கண்டிருக்கிறேன். ஒருவர் வாயிலிருந்து கேட்டது அன்றுதான் முதல் தடவை.

சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ் லெக்சிக்கன் ஏரா என்பதற்குக் கப்பலின் அடிமரம் என்று பொருள் தருகிறது. கலத்தின் முன்புறமாகிய அணியத்திலிருந்து பின்புறமாகிய அமரம் வரை, அடியிலே நடுவாக நீண்டு கிடக்கும் பெருமரம் அது. வங்கு எனப்படும் விலாச்சட்டங்கள் அதிலிருந்தே இருபுறமும் எழுகின்றன. பலகைகள் அந்த வங்குகளைப் போர்க்கின்றன. மனித உடலுக்கு முதுகெலும்பு எப்படியோ, கலத்துக்கு ஏரா அப்படி. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. கலத்தின் முதுகெலும்பு நீருக்குள் மறைந்திருக்கிறது. அதனால்தானோ என்னவோ, கொடியையும் பாயையும் கூம்பையும் பாடிய புலவர்கள் அதைப் பாடாமல் விட்டுவிட்டார்கள். அதற்குப் பெயர் வைத்துக் காப்பாற்றியவர்கள் தச்சரும் கடலோடிகளும்தான்.

அந்த மீனவர் சொன்ன "பிடிப்பு" என்பதைச் சற்று விளக்க வேண்டும். காற்று எப்போதும் நாம் போக விரும்பும் திசையிலேயே வீசுவதில்லை. பக்கத்திலிருந்து வீசும் காற்று பாயைத் தள்ளும்போது கலத்தை முன்னே செலுத்தவும் பார்க்கிறது. பக்கவாட்டில் ஒதுக்கவும் பார்க்கிறது. நீருக்குள்ளே நீண்டு இறங்கிய ஏரா சுவர்போல நின்று அந்த ஒதுங்கலைத் தடுக்கிறது. பக்கமாகப் போக வழியில்லாத கலம் முன்னே போகிறது. பாயையும் சுக்கானையும் தக்கபடி திருப்பி, காற்று வரும் திசையை நோக்கியே குறுக்கும் மறுக்குமாக ஏறவும் முடிகிறது. ஏரா இல்லாத தட்டையான வள்ளம் நீரின்மேல் விழுந்த சருகு போன்றது. காற்றின் விருப்பமே அதன் வழி.

ஏராவுக்கு இரண்டாவது ஒரு வேலையும் உண்டு. அதன் அடியிலே இரும்போ ஈயமோ பாரமாகச் சேர்ந்திருந்தால், அலை கலத்தைச் சாய்க்கும்போது அந்தப் பாரம் மீண்டும் நிமிர்த்துகிறது. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை நீங்கள் அறிவீர்கள். எத்தனை முறை தள்ளினாலும் அது எழுந்து நிற்பதன் இரகசியம் அடியிலே இருக்கும் கனந்தான். பழைய பாய்க்கலங்களின் இரகசியமும் அதுவே.

இனி வரலாற்றுக்கு வருவோம். நமது துறைமுகத்தின் பெயரோடு தொடங்கும் வரலாறு அது.

1782 செப்ரெம்பர் 3 ஆம் நாள் திருகோணமலைக்கு வெளியே பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரெனும் ஆங்கிலத் தளபதி ஹியூசும் கடற்போர் புரிந்தனர். வாடைக்காற்றுக் காலத்திலே சோழமண்டலக் கரையில் ஒதுங்க இடமில்லாத பாய்க்கப்பல்களுக்கு ஆழமும் அடைப்பும் உள்ள இந்தக் குடா ஒன்றே புகலிடம். அதற்காகவே வல்லரசுகள் இதன் வாயிலிலே மோதின. அந்தப் போரின் நினைவாகப் பிரித்தானியக் கடற்படை ஒரு போர்க்கப்பலுக்குத் 'திருகோணமலை' என்றே பெயரிட்டது. அக்கப்பல் கட்டப்பட்டது இங்கிலாந்திலே அல்ல, பம்பாயிலே. நெப்போலியன் காலத்துப் போர்களால் இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டிருந்தது. நமது பக்கத்துத் தேக்கோ ஓக்கைவிட நீண்டநாள் உழைப்பது.

வாடியா என்னும் பார்சிக் குடும்பத்தினர் பம்பாய்க் கப்பல் தளத்தின் தலைமைத் தச்சர்களாக விளங்கினார்கள். 1816 இல் ஏரா வைத்தபோது ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியா தம் குலவழக்கப்படி அதிலே ஒரு வெள்ளி ஆணியை அறைந்தார். கலத்தின் நலம் அந்த ஆணியிலே தங்கியிருக்கிறது என்பது நம்பிக்கை. 1817 ஒக்ரோபர் 12 ஆம் நாள் கப்பல் நீரில் இறங்கியது. இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் அது இங்கிலாந்தின் ஹாட்டில்பூல் துறையிலே மிதந்துகொண்டிருக்கிறது. நம்பிக்கையை நம்புவதும் விடுவதும் அவரவர் விருப்பம். ஆனால் அந்தத் தச்சர் வெள்ளியைப் பாய்மரத்தின் உச்சியிலே வைக்கவில்லை. ஒருவரும் காணாத அடிமரத்திலே வைத்தார். எதை எங்கே மதிக்கவேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அது அரச கப்பல். சாதாரண மக்களின் கலம் ஒன்றின் கதையை இனிச் சொல்கிறேன். வடக்கே வல்வெட்டித்துறையிலே, பாடசாலையில் கப்பற்கலை படிக்காத மேத்திரிமார் கடற்கரை மணலிலே கப்பல் கட்டினார்கள். அக்கப்பல்கள் பர்மாவிலிருந்து அரிசியும் இந்தியக் கரைகளிலிருந்து ஓடும் ஏற்றிவந்தன. அவற்றை ஓட்டிய தலைவரைத் தண்டையல் என்பார்கள். நமது துறைமுகமும் அவற்றுக்குப் பழகிய இடமே.

அப்படிக் கட்டப்பட்டவற்றுள் ஒன்று 'அன்னபூரணி அம்மாள்'. நீளம் 89 அடி, அகலம் 19 அடி, இரண்டு பாய்மரங்கள். வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கர் அதை விலைக்கு வாங்கினார். இவர் கடல் தெரியாத செல்வந்தர் அல்லர். 1928 இலிருந்து 1931 வரை 'ஸ்வாப்' என்ற 32 அடிக் கலத்திலே உலகத்தைச் சுற்றி வந்தவர். எத்தனையோ துறைகளையும் கலங்களையும் கண்ட ஒருவர், மறைந்துவரும் பாய்க்கப்பல் மரபின் உயிருள்ள எடுத்துக்காட்டாக வல்வெட்டித்துறைக் கப்பலைத் தேர்ந்தெடுத்தார் என்பதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அதற்குத் தம் மனைவியின் பெயரைச் சூட்டி 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' என்று மாற்றினார். மேனாட்டுத் தலைவர் ஒருவரின் கீழ், தண்டையல் தம்பிப்பிள்ளை முதலான ஐந்து வல்வைக் கடலோடிகள் அதைச் செலுத்திச் சென்றார்கள். சூயஸ் கால்வாயும் மத்தியதரைக் கடலும் ஜிப்ரால்டரும் கடந்து, அத்திலாந்திக்கைத் தாண்டி, 1938 ஓகஸ்ட் முதலாந் திகதி அமெரிக்காவின் குளஸ்டர் துறைமுகத்தை அடைந்தார்கள். மீனவர்களும் பாய்க்கலங்களும் நிறைந்த ஊர் அது. அந்த ஊரார் வியந்து பார்த்த கப்பலின் அடியிலே கிடந்தது நமது கரையிலே செதுக்கிய ஏரா.

கப்பலின் பெயர் மாறியதைப் பற்றி நம்மவர்கள் வருந்துவதுண்டு. எனக்கு வேறொரு வருத்தம். கப்பலை வாங்கியவர் பெயர் தெரியும், ஓட்டியவர்கள் பெயர் தெரியும். ஏராவைச் செதுக்கியவர்களின் பெயர்களை நம் பிள்ளைகளின் பாடப்புத்தகம் சொல்வதில்லை.

மூன்றாவது கலம் மிகச் சிறியது. ஆனால் கதையிலே அதுவே பெரியது. 1960களிலே பம்பாயில் கப்பல் அதிகாரியாக இருந்த றொபின் நொக்ஸ் ஜோன்ஸ்ரன் என்னும் ஆங்கில இளைஞர், நண்பர்களோடு சேர்ந்து ஒரு பாய்ப்படகு கட்டி அதிலேயே ஊர் திரும்ப எண்ணினார். படகின் வரைபடத்துக்கு இங்கிலாந்திலுள்ள ஒரு நிறுவனத்துக்கு எழுதினார். வந்து சேர்ந்ததோ அவர் விரும்பியது அன்று. வேறொரு பழைய வரைபடம். திருப்பி அனுப்பிப் புதியதைப் பெறக் காலமில்லை. வந்ததைக் கொண்டே கட்டத் துணிந்தார்கள்.

அந்தப் பழைய வரைபடத்துக்கும் ஒரு குலம் உண்டு. நோர்வே நாட்டிலே கொலின் ஆச்சர் (1832–1921) என்றொரு கப்பற் சிற்பி இருந்தார். பனிக்கடலுக்குள் சென்ற நான்சனின் 'ஃபிராம்' கப்பலைக் கட்டியவர் அவரே. புயலிலே சிக்கிய மீனவரை மீட்கவென்று அவர் சிறு பாய்க்கலங்களை அமைத்தார். மற்றவர்கள் கரைக்கு ஓடிவரும் வேளையிலே கரையைவிட்டுப் புறப்படவேண்டிய கலங்கள் அவை. அணியமும் அமரமும் இரண்டுமே கூர்மையானவை; பின்னாலிருந்து வரும் அலையையும் பிளந்துவிடும். ஏரா முழுநீளத்துக்கும் ஓடும். சுக்கான் தனியே தொங்காமல் கலத்தின் பின்கட்டையோடு முழுநீளத்துக்கும் சேர்ந்து நிற்கும். இந்தக் குலத்திலிருந்து வில்லியம் அற்கின் என்ற அமெரிக்கர் 1920களிலே 32 அடியாகச் சுருக்கி வரைந்ததுதான் பம்பாய்க்கு வந்து சேர்ந்த வரைபடம்.

பம்பாய்த் தச்சர்கள் வாய்ச்சியாலும் வில்துரப்பணத்தாலும் தேக்கை இழைத்தார்கள். 1964 இல் படகு நீரில் இறங்கியது. அரபுக் கடலோடிகள் பாரசீகக் குடாவின் தென்கீழ்க் காற்றுக்கு வழங்கும் 'சுஹைலி' என்ற பெயர் அதற்கு வைக்கப்பட்டது. இந்தியாவிலிருந்து ஆபிரிக்காவைச் சுற்றி இலண்டன் போய்ச் சேர்ந்தது. பின்னர் 1968 இல், எங்கும் நில்லாமல் தனியொருவராக உலகைச் சுற்றும் போட்டி அறிவிக்கப்பட்டது. புறப்பட்டவர்கள் ஒன்பது பேர். வேறு படகுக்குப் பணம் கிடைக்காத நொக்ஸ் ஜோன்ஸ்ரன் தமது சுஹைலியிலேயே போனார். 1968 ஜூன் 14 இல் ஃபல்மத் துறையை விட்டவர் 1969 ஏப்ரல் 22 இல் அதே துறைக்குத் திரும்பினார். 312 நாட்கள். ஒன்பது பேரிலே பயணத்தை முடித்தவர் அவர் ஒருவரே. மனித வரலாற்றிலே அப்படிச் செய்த முதல்வரும் அவரே.

அது வேகமான படகு அல்ல. கணக்குப் பார்த்தால் சராசரி மணிக்கு நான்கு கடல்மைல் வரும். விரைந்து நடக்கும் மனிதனின் வேகத்தைவிடச் சற்றே கூட. ஆனால் தென்மாகடலில் அலை புரட்டிப் போட்டபோது நிமிர்ந்தது. தானாகத் திசைபிடிக்கும் கருவி அவுஸ்திரேலியப் பக்கத்தில் அடியோடு முறிந்த பின்னும், பாய்களை அளந்து கட்டிவிட்டால் நேர்வழியே ஓடியது. முழுநீள ஏராவின் குணம் அது. நீரிலே ஆழமாக நீண்ட கோடு கிழித்துச் செல்வதால் சட்டென்று திசை மாறாது.

இவ்விடத்தில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் போகமுடியாது. புறப்பட்ட சில கிழமைகளிலேயே, ஏராவுக்கு மேலே உள்ள பலகை இணைப்பில் நீர் கசியத் தொடங்கியது. நடுக்கடலிலே பாயைத் தாழ்த்தி, நீருக்குள் மூழ்கி, மூச்சு முட்டும்போது மேலே வந்து, மறுபடி மூழ்கி, பஞ்சுத்திரியை இணைப்பிலே அடைத்து அதன்மேல் தகடு வைத்து ஆணி அறைந்தார். இடையிலே சுறா ஒன்று சுற்றியது. அதைச் சுட்டுவிட்டு வேலையை முடித்தார். கலப்பற்று என்று நம் துறைகளிலே சொல்வது இந்தப் பஞ்சடைக்கும் வேலையைத்தான். கரையிலே ஒரு தச்சனின் நாட்கூலி வேலை. கடலிலே அது உயிர்.

இதுவரை சொன்னவற்றைக் கொண்டு, தூரக்கடலுக்குச் சிறு பாய்க்கலம் ஒன்றைத் தேர்பவர் எதைப் பார்க்கவேண்டும் என்று தொகுத்துக்கொள்ளலாம். முதலில் மேலே அல்ல, கீழே பார்க்க வேண்டும். வள்ளத்தைக் கரையேற்றி, ஏரா உடலோடு ஒன்றாய் வளர்ந்ததா, பின்னர் திருகாணியிலே தொங்கவிட்டதா என்று காணவேண்டும். சுக்கானுக்கு ஏராவின் மறைப்பு உண்டா என்று பார்க்க வேண்டும். மிதக்கும் மரக்கட்டையோ வலையோ மோதினால் அடியை வாங்குவது முதலில் ஏராவாக இருக்கவேண்டும், சுக்கானாக அல்ல. அடுத்தது பாரம். மூன்று மாதத்துக்குத் தண்ணீரும் அரிசியும் ஏற்றினாலும் தன் நிலை மாறாத கனம் கலத்துக்கு இருக்கவேண்டும். அடுத்தது பாய். ஒருவர் கைக்கு அடங்காத ஒரு பெரும்பாயைவிட இரண்டு மரங்களிலே பகிர்ந்த சிறுபாய்கள் நல்லவை. கடைசியாக, உடைந்தால் நம் கையிலுள்ள கருவியால் திருத்தக்கூடியதா என்பது. இந்தக் கடைசிக் கேள்வியிலேதான் பல அழகிய படகுகள் தோற்றுவிடுகின்றன.

இதற்கு விலையும் கொடுக்கவேண்டும். முழுநீள ஏரா உடைய கலம் மெதுவாக ஓடும். எதிர்க்காற்றிலே புதிய வகைப் படகுகள் ஏறும் அளவுக்கு ஏறாது. நெருக்கமான துறையிலே திருப்புவது கடினம். எஞ்சினில் பின்னோக்கி ஓட்டினால் சொல்வழி கேளாது. ஆகையாலேதான் போட்டிக்காரர்கள் மீன்செட்டை போன்ற குறுகிய அடித்தகடும் தனிச் சுக்கானும் உள்ள இலேசான படகுகளுக்கு மாறினார்கள். வேகம் கிடைத்தது. 1979 ஓகஸ்டில் பிரித்தானியக் கரையிலே நடந்த ஃபாஸ்ட்னெற் போட்டியில் 303 படகுகள் புயலிலே சிக்கிப் பதினைந்து போட்டியாளர்கள் இறந்தார்கள். அகன்று இலேசான படகுகளிலே சில, கவிழ்ந்த பின் நிமிர மறுத்து அப்படியே கிடக்கும் என்பது அதன் பின்னரே பரவலாக ஆராயப்பட்டது.

சுஹைலியின் நினைவாக 2018 இல் நடத்தப்பட்ட போட்டியின் விதி நமக்குச் சுவையானது. படகு 32 முதல் 36 அடி; 1988 க்கு முற்பட்ட அமைப்பு; முழுநீள ஏரா; அதன் பின்விளிம்பிலே சுக்கான். இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, கோவாவிலே சுஹைலியின் அமைப்பிலேயே கட்டிய 'துரியா' என்ற படகிலே போனார். செப்ரெம்பர் 21 இல் இந்துமாகடலின் தென்பகுதியில் புயல் படகைப் புரட்டியது. பாய்மரங்கள் முறிந்தன, அவருடைய முதுகெலும்பு முறிந்தது. மூன்று நாள் அசையமுடியாமல் கிடந்தவரைப் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று மீட்டது. அந்த மூன்று நாளும் படகு மூழ்கவில்லை. மனிதனின் முதுகெலும்பு முறிந்தது. மரத்தின் முதுகெலும்பு தாங்கியது. அதே மனிதர் 2022 இல் இன்னொரு முழுநீள ஏராப் படகிலே மீண்டும் புறப்பட்டு, 2023 ஏப்ரலில் இரண்டாமவராகக் கரைசேர்ந்தார். முதலாவதாக வந்தவர் கேர்ஸ்டன் நொய்ஷேஃபர் என்னும் தென்னாபிரிக்கப் பெண்மணி.

ஆனால் ஏராவைத் தெய்வமாக்கிவிடக் கூடாது. அதே 2022 போட்டியிலே, பின்லாந்து நாட்டுக்காரர் ஒருவரின் படகு, விதிப்படி முழுநீள ஏரா உடையதுதான், நீர் புகுந்து சில நிமிடங்களிலே மூழ்கிப்போனது. மிதவையிலே ஏறியவரை மறுநாள் வந்து மீட்டவர் அந்தத் தென்னாபிரிக்கப் பெண்மணியே. நல்ல கலம் கடலை வெல்வதில்லை. கடலோடிக்குச் சற்று அவகாசம் பெற்றுக் கொடுக்கிறது. அவ்வளவுதான். அந்த அவகாசந்தான் உயிர்.

இப்போது அந்தத் திண்ணைக்குத் திரும்புவோம். அவருடைய அப்பு ஓட்டிய தோணிக்கு ஏரா இருந்தது. மகனுடைய வள்ளத்துக்கு ஏன் இல்லை? யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. சுதந்திரத்தின் பின் கடல்கடந்த வணிகத்துக்கு வந்த கட்டுப்பாடுகள் பாய்க்கப்பல்களின் தொழிலைப் பறித்தன. லொறியும் எஞ்சினும் மிச்சத்தைப் பறித்தன. 1983 இலிருந்து 2009 வரை நீண்ட போர்க்காலத்திலே கடலே பூட்டப்பட்டது. 2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலை எஞ்சியிருந்த மரவள்ளங்களையும் உடைத்தெறிந்தபோது, உதவியாக வந்தவை பைபர் வள்ளங்கள். விரைவாகச் செய்யலாம், மணலிலே இழுத்தேற்றலாம், எஞ்சினோடு பறக்கும். கரையோரத் தொழிலுக்கு அவை ஏற்றவையே. மீன் தூரம் போகப்போக மனிதரும் அதே வள்ளத்திலே தூரம் போனார்கள். அங்கேதான் பிழைத்தது. கரைக்கென்று செய்த வள்ளம் தூரக்கடலுக்குத் தெரிவு செய்யப்பட்டுவிட்டது. தெரிவு என்று சொல்வதும் சரியல்ல. வேறொன்று இருந்தால்தானே அது தெரிவு?

மேனாட்டார் ஒருவர் படகு தேர்வது ஓய்வுக்கால ஆசையாக இருக்கலாம். நம் கரையிலே அந்தக் கேள்வி, பிள்ளை நாளைக்குப் பாடசாலைக்கு வருவானா என்ற கேள்வி.

நான் தச்சனல்லன், தமிழாசிரியன். என்னால் ஏராவைச் செதுக்க முடியாது. அந்தச் சொல்லை அழியாமல் வைத்திருக்க முடியும். 1950 இல் சென்னையிலே சுவடியிலிருந்து 'கப்பல் சாத்திரம்' அச்சிடப்பட்டது. அப்படியொரு நூல் தமிழிலே இருப்பதையே நம்மிற் பலர் அறியோம். அச்சேறாத சாத்திரம் எத்தனையோ பேரின் நாவிலே இருக்கிறது. ஆகவே அடுத்த நாள் வகுப்பிலே ஒரு வேலை கொடுத்தேன். வீட்டிலும் அயலிலும் உள்ள முதியவர்களிடம் வள்ளத்தின் உறுப்புகளுக்குரிய சொற்களைக் கேட்டு எழுதிவரச் சொன்னேன். ஏரா, வங்கு, அணியம், அமரம், பருமல், சுக்கான், கலப்பற்று என்று கொப்பிகள் நிறைந்துவந்தன. லெக்சிக்கனிலே நான் காணாத சொற்களும் அவற்றுள் இருந்தன.

அந்த மாணவன் சொற்களோடு ஒரு படமும் கொண்டுவந்தான். தகப்பனார் சொல்லச் சொல்ல அவன் வரைந்த அப்புவின் தோணி. நீர்மட்டத்தை ஒரு கோடாகப் போட்டிருந்தான். கோட்டுக்கு மேலே பாயும் மரமும் கொஞ்சம். கோட்டுக்குக் கீழேதான் பென்சிலை அழுத்தி அழுத்தி வரைந்திருந்தான்.

"ஏன் தம்பி, கீழேதான் அதிகம் கறுப்பாக்கியிருக்கிறாய்?" என்றேன்.

"அப்பா அதைத்தான் வடிவாக் கீறச் சொன்னவர் சேர்" என்றான்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் தோணி ஓடிய ஒரு முதியவர் இருந்தால், இன்றிரவு அவர் அருகிலே சற்று இருங்கள். அவர் சொல்லும் சொற்களை எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த உரையிலே காற்றுகளின் பெயர்களைப் பார்ப்போம். வாடை, கொண்டல், சோளகம், கச்சான். அதுவரை விடைபெறுகிறேன். வணக்கம்.